கடல் சாமந்தியில் இருக்கிற இன்ட்ரான் பழ ஈயில் எங்கே போச்சு?

சத்துவாச்சாரி_விலங்கியல்:
எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் எம்எஸ்சி விலங்கியல் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார், விலங்குகளில் இன்ட்ரான்களின் (மரபணுவின் நடுவே இருந்து, புரதம் உருவாகும் முன் வெட்டி எறியப்படும் துண்டுகள்) பரிணாமம் பற்றி, நானே கேட்டு வாங்கின தலைப்பு. காவேரிப்பாக்கம் ஏரி வேலம்பாசியை அலசி எடுத்த ஹைட்ராவை லேப்பில் பார்த்ததிலிருந்து அந்த வகை உயிர்கள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. ரெண்டே அடுக்கு செல், மூளை கிடையாது, இடுப்பில் மொட்டு விட்டு அதுவே குட்டியாகப் பிரிந்து போகிறது. உடம்பு இவ்வளவு எளிது என்றால் மரபணுவிலும் இன்ட்ரான் குறைவாக இருக்கணும், பூச்சி, மீன், மனிதன் என்று வர வரக் கூடணும். ஆனால் ஹைட்ராவின் சொந்தமான கடல் சாமந்தியின் இன்ட்ரான்கள் மனிதனோடு ஒத்துப்போகின்றன, பழ ஈயோடுதான் ஒத்துப்போகவில்லை என்று படிக்கிறேன். இது எப்படி?

காட்பாடி_ஜங்ஷன்:
தங்கச்சி, கடல் சாமந்தி நமக்குப் பாட்டி இல்லை. ஏறத்தாழ 60 கோடி வருஷத்துக்கு முன்னால் பிரிந்த கிளை, நம்மைப் போலவே இன்றைக்கு வாழ்கிற விலங்கு. 2007இல் நெமடோஸ்டெல்லா என்கிற கடல் சாமந்தியின் முழு மரபுத்தொகுதியும் வெளியானபோது, ஒப்பிட முடிந்த பகுதிகளில் மனித இன்ட்ரான்களில் சுமார் 80% அதிலும் அதே இடத்தில் இருந்தன. இத்தனை இன்ட்ரான் ரெண்டு பக்கமும் தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் உட்கார வாய்ப்பே இல்லை. அப்படியானால் பொது மூதாதையிடமே அவை இருந்திருக்கின்றன, ஈதான் பின்னால் தொலைத்திருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி பிளாட்டிநெரிஸ் என்கிற கடல் புழு. அது ஈ இருக்கிற பெரும்பிரிவைச் சேர்ந்தது, நம் பக்கம் இல்லை. ஆனால் 2005இல் அதன் மரபணுக்கள் சிலவற்றைப் பார்த்தபோது மனித இன்ட்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயும் இருந்தது. செமினாரில் இந்தப் புழுவை விட்டுவிடாதீங்க.

சரி, எப்படித் தொலையும்? இன்ட்ரான் வெட்டி எறியப்பட்ட எம்ஆர்என்ஏ, அதாவது மரபணுவின் ஆர்என்ஏ நகல், சில நேரம் திரும்ப டிஎன்ஏவாகப் படியெடுக்கப்படும். அந்தப் படி பழைய மரபணுவோடு இடம் மாறிக்கொண்டால் எக்ஸானுக்கு (வெட்டப்படாமல் மிஞ்சுகிற பகுதி) ஒரு சேதமும் இல்லாமல் இன்ட்ரான் மட்டும் சுத்தமாகப் போய்விடும்.

ராணிப்பேட்டை_ஆர்என்ஏ:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் இழப்போடு கதை முடியவில்லை. ஆய்க்கோப்ளூரா என்று கடலில் மிதக்கிற ஒரு சின்ன உயிர், அதற்கு முதுகுநாண் உண்டு, ஈயை விட நமக்கு எவ்வளவோ நெருங்கிய சொந்தம். மரபுத்தொகுதி சுமார் 7 கோடி டிஎன்ஏ எழுத்துதான், மனிதனுக்கோ 300 கோடி. அது பழைய இன்ட்ரான்களில் பெரும்பாலானவற்றை இழந்து, வேறு யாருக்கும் இல்லாத இடங்களில் புதுசாகச் சேர்த்தும் வைத்திருக்கிறது. அதனால உடம்பின் சிக்கலை வைத்து இன்ட்ரானைக் கணிக்கவே கூடாது என்பது என் கட்சி. சில நாளில் ஒரு தலைமுறை முடிகிற, எண்ணிக்கையில் பெருத்த இனங்களில் இன்ட்ரானால் வரும் சின்னத் தொல்லையைக்கூட இயற்கைத் தேர்வு களைந்துவிடும், குறைந்த எண்ணிக்கையில் வாழ்கிற இனங்களில் அது அப்படியே தங்கிவிடும் என்று மைக்கேல் லின்ச் என்கிற பரிணாம மரபியலாளர் வாதிடுகிறார். எல்லா விலங்குக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் ஈக்கும் ஆய்க்கோப்ளூராவுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

சத்துவாச்சாரி_விலங்கியல்:
ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். இன்னும் ஒண்ணே ஒண்ணு. இன்ட்ரானுக்குள் இருக்கிற எழுத்துகள் இத்தனை கோடி வருஷத்தில் முழுக்க மாறியிருக்குமே, அப்போ 'அதே இடம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

காட்பாடி_ஜங்ஷன்:
இன்ட்ரானின் உள்ளே பார்ப்பதே இல்லை, தங்கச்சி. ரெண்டு உயிரின் புரதத்தையும் அமினோ அமிலம் அமினோ அமிலமாக ஒன்றன்கீழ் ஒன்று வரிசைப்படுத்தி, இன்ட்ரான் எந்த அமினோ அமிலத்துக்கு நேராக வெட்டுகிறது என்று பார்க்கணும். அதோடு ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கிற கோடானுக்கு மூன்று எழுத்து இல்லையா, வெட்டு கோடானுக்கு முன்னால் விழலாம், முதல் எழுத்துக்குப் பிறகு விழலாம், இரண்டாவதுக்குப் பிறகும் விழலாம். இதைத்தான் ஃபேஸ் 0, 1, 2 என்கிறார்கள். இடமும் ஃபேஸும் ரெண்டும் பொருந்தினால்தான் கணக்கில் வரும். மூன்று விலங்கிலும் இருக்கிற ஏதாவது ஒரு மரபணுவை என்சிபிஐ என்கிற மரபணுத் தரவுத் தளத்தில் எடுத்து, மனிதன், நெமடோஸ்டெல்லா, பழ ஈ மூன்றையும் வரிசைப்படுத்தி, வெட்டு விழும் இடங்களில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுங்க. ஒரு ஸ்லைடு போதும்.