சப்ஃப்ளோருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர், டொரன்டோ:
அனைவருக்கும் வணக்கம். மரத்தரை பதிக்கும் வேலை பழகும் நம்மவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஓர் உத்திரம் ஓடும். அவற்றின் மேல் ஒட்டுப்பலகை அறைந்திருக்கும். அதுதான் சப்ஃப்ளோர். ஓக், மேப்பிள் பலகைகள் அதன்மேல் வரும். 'அடித்தளம்' என்றால் அஸ்திவாரம் என்று படிப்பார்கள். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
கீழ்த்தரை. விளக்கமே வேண்டாம்.

பொறியாளர், கோவை:
வேண்டும் ஐயா. கீழ்த்தரை என்றால் பேஸ்மென்ட் தரை என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே கான்கிரீட், ஈரச் சோதனையே வேறு. 'தாங்குத்தரை' எப்படி?

தமிழாசிரியர்:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல தாங்குதரை.

தனித்தமிழ் அன்பர், மதுரை:
தரையையே வடசொல் என்கிறது சென்னைப் பல்கலைக்கழக அகராதி. நமக்குப் 'பாவு' இருக்கிறது. கல் பாவிய முற்றம் என்கிறோம். தறியில் நீளவாட்டில் பரப்பும் நூலும் பாவுதான். பாவு, பாய், பரவு, பரப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பேன். முதலில் பாவப்படுவது அடிப்பாவு. அப்புறம் மேற்பாவு. இரண்டுக்கும் சொல் கிடைத்துவிட்டது!

தரை வேலை செய்பவர், மார்க்கம் (கனடா):
ஐயா, வடிவான சொல்தான். ஆனால் வேலையில் நாங்கள் சப்ஃப்ளோர் என்றுதான் கதைக்கிறோம். புதிதாக வரும் பெடியனுக்கு விளங்கவேண்டியது இதுதான்: சப்ஃப்ளோரில் ஈரமானி 12 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பலகையில் கை வைக்கக்கூடாது. மேல் பலகைக்கும் இதற்கும் ஈர வித்தியாசம் 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மேல் பலகை 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமென்றால் 2 விழுக்காடுதான். பத்தடிக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பவேண்டும். கிரீச்சிடும் இடத்தில் உத்திரம்வரை திருகாணி இறக்கவேண்டும். மேலே பலகை போட்ட பிறகு இதில் ஒன்றையும் செய்யேலாது. 'அடிப்பாவின் ஈரம்' என்று எழுதினால் அவன் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுவான்.

தனித்தமிழ் அன்பர்:
பழகினால் விளங்கும். பேருந்தும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். அதோடு, தாங்குவது உத்திரம். ஒட்டுப்பலகையைத் தாங்குதரை என்பது பொருளிலேயே பிழை.

பொறியாளர்:
ஒட்டுப்பலகையும் தாங்குகிறது. மேலே நிற்கும் எடையை உத்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே அதுதான். நம் பழைய வீடுகளின் மாடித்தளமான மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போடுவார்கள். இடையில் பலகையே கிடையாது. பழைய கொத்தனார்களிடமும் இதற்குச் சொல் தேடிப் பயனில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். மூவர் தாங்குதரைக்குச் சரி என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். முதல் இடத்தில் 'சப்ஃப்ளோர் எனப்படும் தாங்குதரை', பிறகு தாங்குதரை மட்டும். படங்களில் சப்ஃப்ளோர் என்றே இருக்கும்.

தனித்தமிழ் அன்பர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்புக்கு அடிப்பாவோடு வருவேன்.