நாலாவது பந்து ரோபோவுக்கு முன்னால் உருண்டு வந்தால் ஃபவுலா?

அணி வழிகாட்டி, மதுரை:
வணக்கம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டியில், 2025-26 சீசனின் டீகோட் ஆட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் தயாராகிறார்கள். ஒரு விதியை வைத்து ஒரு வாரமாக வாக்குவாதம். ரோபோ ஒரே நேரத்தில் 3 பந்துகளுக்கு மேல் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கூடாது. எங்கள் ரோபோவுக்குள் 3 பந்து இருக்கும்போது, பந்தை உள்ளே இழுக்கும் முன்பக்க உருளைக்கு எதிரே இன்னொன்று மாட்டினால், போகிற வழியெல்லாம் அதுவும் உருண்டு வருகிறது. உருளை அப்போது ஓடுவதில்லை.

டிரைவர் பையன், "நான் பிடிக்கவே இல்லை, அது தானா வருது" என்கிறான். ப்ரோகிராம் எழுதும் பெண், "தள்ளிக்கொண்டு போனாலே கட்டுப்பாடுதான்" என்கிறாள். விதிப்புத்தகத்தை நாங்களே தமிழாக்கி அச்செடுத்திருக்கிறோம். அதைப் படித்தால் இருவர் சொல்வதும் சரியாகவே தெரிகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நடுவர் மேசை:
சார், அந்த அச்சுப் பிரதியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆங்கில மூலத்தில் ‘கட்டுப்பாடு’ என்பதற்கான சொல் முழுக்கப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) இருக்கும். அப்படி வரும் சொற்களுக்கெல்லாம் புத்தகத்திலேயே தனி வரையறை உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் உங்கள் பிரதியில் அது சாதாரண ‘கட்டுப்பாடு’ ஆகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் பேச்சு வழக்கின் பொருளை வைத்துப் பேசுகிறார்கள். அத்தகைய சொற்களைத் தடித்த எழுத்தாக்கி, வரையறையைப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். மொழிபெயர்ப்பில் வித்தியாசம் வந்தால் ஆங்கிலமே செல்லும்.

இப்போது பந்துக்கு வருவோம். போகும் வழியில் கிடந்ததைத் தற்செயலாக இடித்துத் தள்ளுவது கட்டுப்பாடு ஆகாது. ஆடு மேய்ப்பது போல வேண்டிய இடத்துக்கு ஓட்டிப் போவது கட்டுப்பாடு. டிரைவரின் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பந்து போன பாதைதான் தெரியும். ரோபோ திரும்பும்போது அதுவும் கூடவே திரும்பி, பந்தை இலக்கை நோக்கி எறியும் இடம்வரை வந்தால் நான் ஃபவுல் கொடுப்பேன். திரும்பியதும் விலகி ஓடிவிட்டால் கொடுக்க மாட்டேன்.

முன்னாள் டிரைவர்:
நடுவர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "போன சீசனில் இதை விட்டார்களே" என்று யாரும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு மேட்ச்சைக் கோட்டை விட்டோம். எழுதியிருப்பது எதுவோ அதுவே பொருள், பழைய சீசனையோ எழுதியவர்களின் நோக்கத்தையோ வைத்து ஊகிக்காதீர்கள் என்று புத்தகமே சொல்கிறது. புத்தகத்தில் நீலப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கக் குறிப்புகள் புரிந்துகொள்ள உதவும். ஆனால் விதியோடு முரண்பட்டால் விதிதான் நிற்கும்.

சார், உங்கள் ரோபோவின் முன்பக்கம் உள்வாங்கிய வாய் மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் பந்து அதில் உட்கார்ந்துகொள்ளும், டிரைவர் என்ன செய்தாலும் கூடவே வரும். மூன்றாவது பந்து ஏறியதும் தூர சென்சார் பார்த்து உருளையைப் பின்னோக்கிச் சுற்றவிடுங்கள். எங்களுக்கு அது கைகொடுத்தது.

அணி வழிகாட்டி, மதுரை:
ஆமாம் தம்பி, வாய் மாதிரிதான்! அதை நான் யோசிக்கவே இல்லை. அப்புறம் ஒன்று: ஃபவுல் கொடுத்துவிட்டால் வீடியோ காட்டி முறையிடலாமா?

நடுவர் மேசை:
முடியாது சார். தலைமை நடுவர் வீடியோ பார்க்க மாட்டார். தலைமை நடுவரிடம் கேள்வி கேட்க ஒதுக்கிய கேள்விப் பெட்டி என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியதும் மாணவர்தான், நீங்கள் அல்ல. ப்ரோகிராம் எழுதும் அந்தப் பெண்ணை விதி எண்ணோடு பேசப் பழக்குங்கள்.

அதிகாரபூர்வ கேள்வி-பதில் தளத்தில் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. "எங்கள் ரோபோ சரியா?" என்று கேட்டால் பதில் வராது, வடிவமைப்பை அங்கே மதிப்பிட மாட்டார்கள். விதி எண்ணைச் சொல்லி, ஒரே ஒரு சூழ்நிலையை மட்டும் கேளுங்கள். அணிகளுக்கான திருத்த அறிவிப்புகளையும் தவறாமல் பாருங்கள், புத்தகமே அவற்றால் மாறும்.

அணி வழிகாட்டி, மதுரை:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சென்சார் வைத்தாயிற்று. உருளை பின்னால் சுற்றினாலும் நேராகப் போகும்போது பந்து மறுபடி முன்னால் வந்து நின்றது. அதனால் இரு பக்கமும் சாய்வாகத் தகடு வைத்தோம். இருபது முறை ஓட்டியதில் பதினெட்டு முறை பந்து பக்கவாட்டில் நழுவிவிட்டது. மிச்சம் இரண்டும் சுவரோரம். கேள்வியைப் பிள்ளைகளே எழுதி அனுப்பிவிட்டார்கள்: "3 பந்து உள்ளே இருக்கையில், சுவருக்கும் ரோபோவுக்கும் இடையில் நாலாவது பந்து சிக்கினால், டிரைவர் உடனே பின்வாங்கினாலும் அது கட்டுப்பாடா?" பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.