புதுப்பிப்பு: ஓசூர் கம்பெனியில் குழந்தைக் காப்பகம், பதில் கிடைத்துவிட்டது

'பெண்கள் 22 பேர்தான், காப்பகம் தேவையில்லை என்கிறார்கள், சரியா?' என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

'பெண்களை மட்டும் எண்ணாதீங்க, மொத்த ஆட்களை எண்ணுங்க' என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் சேர்த்த விதிப்படி, ஆண் பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பக வசதி தர வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50. நாங்கள் 140 பேர். விதியை அச்செடுத்து மனுவோடு கொடுத்தோம். மூன்று வாரம் இழுத்தார்கள். அப்புறம் பக்கத்து யூனிட்டுடன் சேர்ந்து பொதுவாக ஒன்று திறந்தார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம், ஓய்வு இடைவேளையும் அதில் அடக்கம். என் மகளுக்கு எட்டு மாதம். இப்போது நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன்.