மாடியில் போட்ட டபிள்யூபிசி பலகை மதியத்தில் தூக்கிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

தேவனாம்பட்டினம் வாசி:
வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு, மாடியில் நின்றால் கடல் தெரியும். மொட்டை மாடியில் ஒரு பகுதிக்கு டபிள்யூபிசி (மரத்தூள், பிளாஸ்டிக் கலவை) பலகையில் டெக்கிங் தளம் போட்டோம். அடர் பழுப்பு நிறம், உள்ளே கூடான பலகை. ஒன்பது அடிப் பலகை இரண்டை முட்டக் கொடுத்து, பதினெட்டு அடிக்கு இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மதியம் ஆனால் பலகைகள் சேரும் இடம் விரல் நுழையும் அளவுக்கு எழும்புகிறது. விடிகாலையில் பார்த்தால் படிந்திருக்கிறது. பலகையைப் பிடிக்கும் கிளிப் பக்கம் துருக்கறை வேறு. போட்டுக் கொடுத்தவர் "மரம்னா அப்படித்தான் சார்" என்கிறார். மொத்தமும் பெயர்க்க வேண்டுமா?

லாஸ்பேட்டை ஆசாரி:
பெயர்க்க வேண்டாம் சார். பாதிக்குப் பாதி அது மரமே இல்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் இழுத்தது. மரம் ஈரத்துக்கு அகலத்தில் ஊதும். இது வெயிலுக்கு நீளத்தில் நீளும். முப்பது டிகிரி சூடு ஏறினால் ஒன்பது அடிப் பலகை மூன்று, நான்கு மில்லிமீட்டர் வளரும். உங்களுடையது இரண்டு பலகை, அதுவும் அடர் நிறம். இரண்டு பக்கமும் சுவர் இடித்தால் மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். பலகையைத் தாங்க அடியில் என்ன ரீப்பர் சட்டம்? எத்தனை அங்குலத்துக்கு ஒன்று?

மஞ்சக்குப்பம்:
ரீப்பரைத் தளத்தில் துளை போட்டு ஸ்க்ரூ அடித்திருந்தால் அதை முதலில் பாருங்கள். பலகை எழும்பினால் கால்தான் தடுக்கும். வாட்டர் ப்ரூஃப் பூச்சு ஓட்டையானால் ஐப்பசியில் கீழ் அறை சீலிங் ஒழுகும். அப்புறம், தண்ணீர் போகும் வாட்டத்துக்குக் குறுக்கே ரீப்பர் ஓடினால் அடியில் சேறு கட்டும். பூரானுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

என்னைக் கேட்டால் திறந்த மாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸே போதும். அடர் நிற டபிள்யூபிசியில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது.

தேவனாம்பட்டினம் வாசி:
துளை போடவில்லை. ஜிஐ பைப், அடியில் ரப்பர் துண்டு. அளந்தேன், ஓர் அடிக்கு ஒன்று இருக்கிறது. கால் சுடுவது உண்மைதான், பிள்ளைகள் பகலில் ஏறுவதே இல்லை.

முத்தியால்பேட்டை அக்கா:
ஒரேயடியாக மட்டம் தட்டாதீர்கள். எங்கள் வீட்டில் கூரை போட்ட முன் சிட் அவுட்டில் இதே பொருள்தான். முன்பு இருந்த மரத்தைக் கரையான் தின்று தீர்த்தது, இதைச் சீண்டவில்லை. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் தெருத் தண்ணீர் ஏறி நின்றது. வடிந்த பிறகு சோப்புத் தண்ணீர், தென்னந் துடைப்பம், அவ்வளவுதான் வேலை. பாலிஷ், வார்னிஷ் செலவு கிடையாது. நிறம் கொஞ்சம் வெளுத்தது. மர நாற்காலியை இழுத்த கீறல் ஒன்று மட்டும் போகவே இல்லை. மேல் பூச்சு உள்ள ரகம் என்பதால் தேய்த்தும் எடுக்க முடியாது என்றார்கள். நிழலில் போட்டால் நல்ல சரக்கு.

லாஸ்பேட்டை ஆசாரி:
அக்கா சொல்வது சரி. சார், ஓர் அடிக்கு ஒன்று நல்ல இடைவெளி, அடித்தளத்தில் குறை இல்லை. சுவர் ஓரம் இரண்டு பக்கமும் கோடு போட்டு, கட்டிங் மிஷினால் பத்து மில்லிமீட்டர் அறுத்து எடுங்கள். நடு முட்டிலும் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் சந்து வேண்டும். விடிகாலையில் அறுத்தால்தான் இந்தக் கணக்கு. மதியம் பலகை ஏற்கெனவே நீண்டிருக்கும், அப்போது இதில் பாதி போதும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்ற கிளிப்பை நகர விடுங்கள். கூடுப் பலகை என்பதால் அறுத்த வாய்க்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் மணலும் தண்ணீரும் உள்ளே போகும்.

கிளிப்பையும் ஸ்க்ரூவையும் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். கடைக்காரர் 304 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) எடுத்துக் கொடுப்பார். உப்புக்காற்று நேரே அடிக்கும் இடத்துக்கு, அதைவிடத் துருவைத் தாங்கும் 316 ரகம் கேளுங்கள். விலை கூடுதல்தான், கடலூரில் இல்லை என்றால் சொல்லி வரவழைக்கலாம். ஜிஐ பைப்பில் அறுத்த முனைகளுக்கு ஜிங்க் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் வாசி:
சரிங்க. 316 சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் விடிகாலையில் ஆள் வைத்து அறுக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போர்டிகோவில் மட்டும் போடச் சொல்லிவிட்டேன், வெளிர் நிறத்தில்.