ஒரே பிளேட்டில் மூன்று வெல் போட்டால் என்=3 ஆகிவிடுமா?

பாசேஜ்_18: பிஎச்டியைச் சீக்கிரம் முடிக்க செல்விரும்பி சொன்ன யோசனையைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. செல் வளர்க்கும் ஒரே பிளேட்டில் மூன்று வெல்லில் (சிறு குழிகளில்) மருந்து போட்டால் என்=3 ஆம், அதாவது சோதனையை மூன்று முறை தனித்தனியாகச் செய்த கணக்காம், வேறு நாளில் திரும்பச் செய்வது நேர விரயமாம். மூன்றிலும் போனது ஒரே ஃபிளாஸ்க் செல், ஒரே குழாயில் கரைத்த மருந்து. கரைசல் தப்பென்றால் மூன்றும் சேர்ந்தே தப்பாகும். அதில் தெரிவது உங்கள் பைப்பெட் கை எவ்வளவு நிதானம் என்பது மட்டும்தான்.

செல்விரும்பி: தனித்தனி வெல், தனித்தனி செல்கள். என்=3தான். கட்டுரையைச் சரிபார்க்கும் எந்த ரிவியூவரும் இதுவரை கேட்டதில்லை.

பாசேஜ்_18: படத்துக்குக் கீழே வெறுமனே "என்=3" என்று போட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? எரர் பார் (அளவுகளின் சிதறலைக் காட்டும் கோடு) சுருங்கும், பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கி விளைவு தற்செயலல்ல என்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். திரும்பச் செய்யாமலே செய்ததாக எண்ணும் இதைத்தான் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984லேயே போலி ரெப்ளிகேஷன் என்று எழுதினார்.

ஈரநிலம்: ஹர்ல்பர்ட் எழுதியது எங்கள் சூழலியல் களச் சோதனைகளுக்கு. படிக்காமல் பெயரை மட்டும் இழுப்பது செல் ஆட்களுக்கு வழக்கம்.

செல்விரும்பி: அப்படிக் கேளுங்கள். லேபுகளில் வளர்க்கும் ஹீலா புற்றுநோய் செல் 1951இல் ஒரே பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்தது. உங்கள் கணக்குப்படி எத்தனை நாள் செய்தாலும் என்=1. பதில் உண்டா?

பாசேஜ்_18: உண்டு. வேறு நாள், வேறு பாசேஜ் (புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றி வளர்த்த செல்), புதிதாகக் கரைத்த மருந்து என்று செய்தால் அந்த விளைவு ஹீலாவில் மறுபடி வருகிறதா என்று தெரியும். மற்ற நோயாளிகளுக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பல பேருடைய செல் வேண்டும். ஈரநிலம், குளமோ பிளேட்டோ, எதற்குத் தனியாக மருந்து கொடுத்தோம் என்பதுதான் கணக்கு.

வெஸ்டர்ன்_ராணி: இவரா பேசுவது? லோடிங் கன்ட்ரோலை (எல்லா சாம்பிளிலும் ஒரே அளவு புரதம் போனதா என்று பார்க்கும் ஒப்பீட்டை) வேறு ஜெல்லில் ஓட்டலாம் என்று முன்னொரு இழையில் வாதாடியவர்தானே!

பாசேஜ்_18: அதே சாம்பிள், அதே அளவு என்று அங்கேயே எழுதினேன். முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஈரநிலம்: ஹர்ல்பர்ட் கட்டுரையைப் படித்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

செல்விரும்பி: உங்களுக்கு இன்குபேட்டரும் நேரமும் இருக்கிறது, எனக்கு ஃபெல்லோஷிப் முடியப்போகிறது. என்=3.

பாசேஜ்_18: ஃபெல்லோஷிப் எல்லோருக்கும்தான் முடிகிறது. ஒரு நாளின் மூன்று வெல்லுக்குச் சராசரி எடுத்தால் அது ஒரு புள்ளி, மூன்று நாளில் மூன்று புள்ளி, அப்போதுதான் என்=3. உங்கள் லேபில் அடுத்து வரும் பெண் அதே மருந்தைப் போட்டு விளைவு வராமல் ஒரு வருஷம் அலைவாள், அவளிடம் சொல்லுங்கள் இதை.

செல்விரும்பி: எங்கள் லேபைப் பற்றிப் பேச நீங்கள் யார்? தனித்தனி வெல். என்=3.