ஆட்டு ரோமத்தை நூற்கும்போது நூலில் கட்டிகள் விழுவது ஏன்?

மலைராட்டை:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் நான்கு நீலகிரி ஆடுகள் வளர்க்கிறேன். பருத்தி நூற்றுப் பழகிய நான், இந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கத்தரித்த ரோமத்தை வீட்டிலேயே நூலாக்க முயன்றேன். கொதிநீரில் சலவைச் சோடா போட்டுத் துணி துவைப்பதுபோல் கசக்கியதில், ஓர் ஆட்டின் ரோமம் முழுவதும் கால்மிதிபோல் இறுகிவிட்டது. அடுத்ததைக் குளிர்நீரில் மட்டும் அலசினேன். இறுகவில்லை, ஆனால் பிசுபிசுக்கிறது, இழை சீராக நீள்வதில்லை, நூலில் அரிசிக் குருணைபோல் கட்டிகள் விழுகின்றன. குறை ராட்டையிலா, ரோமத்திலா? இன்னும் இரண்டு ஆடுகளின் ரோமம் மூட்டையில் இருக்கிறது.

தக்கிளி:
ராட்டையின்மீது பழி வேண்டாம். கத்தரி ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஓடும்போது விழும் அரை அங்குலத் துணுக்குகள்தான் பெரும்பாலும் அந்தக் குருணைகள். மூட்டையைப் பிரித்து, வெட்டுப்பட்ட பக்கம் கீழே இருக்கும்படி வலைமேல் விரித்து உதறுங்கள், துணுக்குகள் உதிர்ந்துவிடும். சாணம் ஒட்டிய ஓரங்களையும், வயிற்றுப் பகுதியையும், பின்தொடையின் முரட்டு ரோமத்தையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

இனி கழுவுவது. ரோமத்தில் இருப்பவை இரண்டு: வியர்வை உப்பு குளிர்நீரிலேயே கரையும், லானோலின் என்னும் மெழுகு ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஆகவே ஓர் இரவு குளிர்நீரில் ஊறவைத்து, மறுநாள் 60 டிகிரி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, ரோமத்தை மெல்ல அமிழ்த்திக் கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். நீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் இளகிய மெழுகு மீண்டும் இழையிலேயே படியும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ரோமம் நம் தலைமுடியைப் போலப் புரதமாதலால் சோடாவின் காரம் அதை அரிக்கும்; சூட்டோடு சேர்ந்த கசக்கல்தான் இழையின் செதில்களைப் பின்னிக் கால்மிதியாக்கியது. கழுவியபின் எடை கணிசமாகக் குறையும், பதற வேண்டாம்.

கம்பளிக்காரர்:
மேலே சொன்னதோடு எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. மெழுகை முழுவதுமாகப் போக்கினால் இழை வறண்டு பறக்கும். சிறிது மிச்சமிருந்தால் விரலில் வழுக்கி நீளும். நான் ஒரு முறைக்கு மேல் சோப்புப் போடுவதில்லை. நிழலில் உலர்த்தியபின், கம்பிப் பல் பதித்த கார்டர் பலகைகள் இரண்டில் பல் தெரியுமளவுக்கு மெல்லிய படலமாக ஏற்றிச் சீவிச் சுருளாக உருட்டுங்கள். அள்ளித் திணித்துச் சீவினாலும் குருணை உண்டாகும். பருத்திப் பஞ்சைவிட இழை நீளமாதலால், விரல்களுக்கிடையே அதிக இடைவெளி விட்டு இழுங்கள்.

மலைராட்டை:
இருவருக்கும் நன்றி. மூன்றாவது ரோமத்தை உதறியபோது ஒரு கைப்பிடி துணுக்கு விழுந்தது. நான்காவதில் ஒரு கற்றையை இரு முனைகளிலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், நடுவில் அறுந்துவிடுகிறது. அதுவும் கழுவும் பிழையா?

தக்கிளி:
இல்லை. வளரும் காலத்தில் ஆட்டுக்கு நோயோ தீவனக் குறைவோ இருந்திருந்தால், அந்த இடத்தில் இழை மெலியும். இன்னும் சில கற்றைகளை இழுத்துப் பாருங்கள். எல்லாம் அப்படியே அறுந்தால் அதை நூற்காமல் தலையணைக்கு அடைத்துவிடுங்கள்.