அந்தமான் கப்பலில் அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுக்கை எடுக்கலாம்?

அம்மாப்பேட்டை தறிவீடு:
போன மாசியில் அம்மாவைச் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் கூட்டிப்போனேன். பங்க் கிளாஸ், பின்பக்கம் இடம். நாற்பது வருடம் தறிச் சத்தத்தில் தூங்கினவர். தறி நின்றால்தான் விழிப்பார். கப்பலில் மூன்று ராத்திரியும் கண் மூடவில்லை. "சத்தம் பரவாயில்லடா, எலும்புக்குள்ள என்னமோ குத்துது" என்றார். தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள், தை கழிந்து மறுபடி போகணும். விமானம் வேண்டாம் என்கிறார். காதில் பஞ்சு வைத்தால் சரியாகுமா?

ஏற்காடு மரைன்:
தம்பி, முப்பது வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் இருந்தவன் நான். அம்மா சொன்னது அப்படியே சரி. அவரைக் குத்தியது பெரும்பாலும் புரொபெல்லர்தான், கப்பலைத் தள்ளும் பின்பக்க விசிறி. ஒவ்வொரு இறக்கையும் அடித்தகட்டைக் கடக்கும்போது தண்ணீர் வழியாக ஒரு குத்து விடும். நிமிடத்துக்கு 120 சுற்று, 4 இறக்கை என்றால் விநாடிக்கு 8 குத்து. அது காதுக்குக் கேட்காது, உடம்புக்குத்தான் தெரியும். பஞ்சு வைத்துப் பயனில்லை. இறக்கை நுனியில் நீராவிக் குமிழிகள் கிளம்பி உடைந்தால் இன்னும் மோசம். 1935இல் ஓடத் தொடங்கிய நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பலில் பின்பக்க நடுக்கம் தாங்காமல் 3 இறக்கை புரொபெல்லர்களைக் கழற்றி 4 இறக்கை மாட்டினார்கள்.

இன்ஜின் நடுக்கம் வேறு. நீங்கள் தறிக்காலுக்கு ரப்பர் வைப்பீர்களே, அதேபோல் பல பயணிகள் கப்பலில் ஜெனரேட்டரை ரப்பர் மேல் உட்கார வைக்கிறார்கள். ஆனால் புகைக்குழாயிலும் தண்ணீர்க் குழாயிலும் நெளிந்து கொடுக்கும் துண்டு இல்லாவிட்டால், நடுக்கம் அந்த வழியாகவே தகட்டுக்கு ஏறிவிடும். ரப்பர் கல்லாக இறுகிய பிறகும் மாற்றாமல் ஓட்டிய கப்பலில் வேலை பார்த்திருக்கிறேன். மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகரும்.

2014 ஜூலையில் வந்த சர்வதேச விதிப்படி, 10,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட புதுக் கப்பலில் ஊழியர் கேபின் சத்தம் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது. பயணிகள் கேபினுக்கு அந்த விதி இல்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். அலையாட்டமும் அங்கே குறைவு.

செவ்வாய்ப்பேட்டை கலா:
அண்ணா, ஏணி, கதவு, சுவர்ப்பலகை எது கடகடக்கிறது என்று கை வைத்துப் பாருங்கள். இடுக்கில் மடித்த காகிதத்தைச் செருகினால் நின்றுவிடும். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தேன், அப்புறம் தூங்கினார்.

அம்மாப்பேட்டை தறிவீடு:
நன்றி ஐயா, நன்றிங்க கலா. நடுப்பகுதிக்கே கேட்கிறேன். காலையில் குனிந்து எங்கள் தறிக்கால் ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கல்லாகத்தான் கிடந்தது. மாற்ற ஆள் சொல்லிவிட்டேன்.